செத்த பிறகு டைரக்டர் ஆனவர்

பூவலிங்கம் அண்ணன் செத்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அதற்குப் பிறகுதான் அவர் டைரக்டர் ஆனார். முதலில் டைரக்டர் ஆனார், அப்புறம்தான் செத்தார் என்று சிலபேர் மாற்றிச் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் பேச்சை நம்பாதீர்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை. நான் இருந்தேன். அவர் நெஞ்சின் மேல் விழுந்து தலையை விரித்துப் போட்டு அழுதுகொண்டிருந்தவளே நான்தான்.

என் பேர் ராஜபுஷ்பம். பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தால் தெரியும். கதாநாயகன் ஊருக்குள் வந்தால் ஆரத்தி எடுப்பவள், வெள்ளம் வந்தால் குடத்தோடு ஓடுபவள், எவர் வீட்டில் பிணம் விழுந்தாலும் முதல் ஆளாக மாரில் அடித்துக்கொள்பவள் நான். அன்றுவரை முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு வசனம் என்று ஒரு வரி கிடையாது. 'ஐயோ' என்பது வசனத்தில் சேராது என்று எங்கள் சங்கத்திலேயே தீர்மானம் போட்டு வைத்திருக்கிறார்கள், நல்லா இருக்கட்டும்.

அண்ணன் என்னைவிடப் பெரிய நடிகர், குணச்சித்திர நடிகர், நூற்றுப் பன்னிரண்டு படத்தில் செத்தவர். கதாநாயகனுக்கு வர வேண்டிய குண்டை வாங்கிச் செத்தார், கதாநாயகனுக்கு வர வேண்டிய கத்தியை வாங்கிச் செத்தார், விஷத்தை வாங்கிக் குடித்தார், லாரிக்கு முன்னால் பாய்ந்தார், ஒரு படத்தில் யானைக்குக் கீழேயும் படுத்தார். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்திலிருந்து நாடகக் கம்பெனி வழியாக வந்த மனுஷன், விழுந்தால் அப்படி ஒரு விழுகை விழுவார், ஒரு தூசி அதிகமாகக் கிளம்பாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கேமராவை நிறுத்தாமல் "சிரிங்க" என்று டைரக்டர் சொல்ல வேண்டும், செத்தவர் கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பும் படத்தோடு பதிவாக வேண்டும், பிறகுதான் கற்பூரம், பிறகுதான் கை கொடுத்துத் தூக்கிவிடுவது. அந்தச் சிரிப்பு எந்தத் தியேட்டரிலும் ஓடாது, எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆனாலும் எடுக்காமல் விடமாட்டார்கள். சாமி இல்லை பூதம் இல்லை என்று மேடையில் முழங்குகிற டைரக்டர்கூட அதை எடுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், வந்த சாவு போகாது, அப்படியே உட்கார்ந்துவிடும் என்பார்கள். உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, எல்லோரும்தான் எடுத்துவிடுகிறார்களே.

அன்றைக்கு அண்ணனுக்கு நூற்றுப் பதின்மூன்றாவது சாவு. பூந்தமல்லிக்கு அப்பால் துறைமுகக் கிடங்கு மாதிரி செட் போட்டிருந்தார்கள். கதாநாயகன் பேரை நான் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர் ரசிகர்கள் வந்து என் வீட்டு ஜன்னலை உடைப்பார்கள், நாயகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாயகருக்கு வந்த குண்டை அண்ணன் குறுக்கே பாய்ந்து வாங்கினார், விழுந்தார், நான் மனைவியாக ஓடிவந்து மேலே விழுந்து அழுதேன், நாயகர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார், ஷாட் பிரமாதம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். நாயகருக்கு இரண்டு மணிக்கு விமானம், கோயம்புத்தூரில் ஒரு நகைக்கடையைத் திறக்கப் போக வேண்டும். அவர் எழுந்து கிளம்ப, குடைக்காரர் ஓட, டைரக்டர் வழியனுப்ப ஓட, கேமரா உதவியாள் எத்திராஜ் கேமராவைக் கழற்ற, "பிரேக்" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பை எடுக்கவில்லை.

தொழில் தெரிந்த பிணம் டைரக்டர் சொல்லாமல் எழாது. அண்ணன் கண்ணை மூடியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், 'சிரிங்க' என்று சொல்வார்கள் சொல்வார்கள் என்று கிடந்தார். மின்விசிறிகளை எடுத்துப் போனார்கள், விளக்குகளை அணைத்தார்கள், அப்போதும் கிடந்தார். நான் எங்கே போனேன் என்று கேட்கிறீர்களா? எனக்கும்தான் பசி, அன்றைக்கு மட்டன் பிரியாணி, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வெற்றிலையை மென்றுகொண்டு வந்து பார்த்தால், அதே இடத்தில், அதே மாதிரி, ஒரு விரல்கூட மாறாமல் கிடக்கிறார்.

"அண்ணே" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "ஏ புஷ்பம், சிரிக்கச் சொல்ல மாட்டேங்காங்களேம்மா?"

கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. நெஞ்சில் காதை வைத்தேன், அடைத்த கடை மாதிரி உள்ளே ஒரு சத்தமும் இல்லை. "அண்ணே, நீங்க செத்துட்டீங்கண்ணே" என்றேன்.

"அப்படியா" என்றார். எழுந்து உட்கார்ந்து சட்டையில் இருந்த சாயரத்தத்தைப் பார்த்தார். "பிரியாணி மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, "பசிக்கலை, சும்மா கேட்டேன்" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமான அழுகை வந்தது.

வடபழனியில் எங்களுக்கெல்லாம் பார்க்கிற டாக்டரம்மா, குழாயை முன்னாலும் பின்னாலும் வைத்துப் பார்த்துவிட்டு, "இறந்து ரெண்டு ரெண்டரை மணி நேரம் ஆகுது" என்று எழுதினார். பிறகு சீட்டைப் புரட்டிப் பார்த்து, "சக்கரை மாத்திரையை இனி நிறுத்திடலாம்" என்றார். நானும் எத்திராஜும் அண்ணனை ஆட்டோவில் வைத்துச் சாலிகிராமத்துக்குக் கூட்டிப் போனோம். அவர் சம்சாரம் இசக்கியம்மாள் அண்ணி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டு இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "செத்தா என்ன, வீட்டுக்கு வந்துட்டீகல்லா? காலைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார்.

எங்கள் தெருவில் பாதி வீடு சினிமாக்காரர்கள், மீதிப் பாதி சினிமாக்காரர்களிடம் ஏமாந்தவர்கள். செய்தி தெரிந்ததும் மாலையோடு வந்தார்கள். அண்ணனே வாசலில் நின்று மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். பறையடிக்கிறவர்கள் வந்தார்கள், தூக்கிப் போக வேண்டிய ஆளே நடக்கிறாரே என்று கொஞ்சம் யோசித்தார்கள், பிறகு வந்ததற்கு நாலு அடி அடித்துவிட்டுப் போனார்கள், அவரும் தலையாட்டி ரசித்தார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் பூசாரிதான் சங்கடப்பட்டார். தெருவில் பிணம் கிடக்கும்போது நடை திறக்கக் கூடாது என்று பூட்டிவிட்டார், ஒரு நாள் பூட்டினார், இரண்டு நாள் பூட்டினார், சங்கடஹர சதுர்த்தியும் வந்துவிட்டது. நாங்கள் பத்துப் பொம்பளைகள் சேர்ந்து போய், "ஏன் சாமி, கிடந்தாத்தானே பூட்டணும், அவர் நடந்துகிட்டுல்ல இருக்கார், திறங்க" என்றோம். திறந்தார். அண்ணனே போய் முதல் தோப்புக்கரணம் போட்டார்.

இறப்புச் சான்றிதழ் வாங்க அவரே போய் வரிசையில் நின்றார். "இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்று குமாஸ்தா தலையைத் தூக்காமல் கேட்டார். "நான்தான் அது" என்றார் அண்ணன். "அது சரி சார், உறவுங்கிற இடத்துல என்ன எழுதறது?" "நெருக்கம்னு எழுதுங்க" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் பேரை அடித்துவிட்டார்கள், சர்க்கரை குறைந்தது. அண்ணி போய்ச் சண்டை போட்டார், செத்தவருக்கு எதற்கம்மா சர்க்கரை என்றார்கள். அவரைக் கொசு கடிக்கவில்லை, தாடி வளரவில்லை, வியர்க்கவில்லை. சித்திரை வெயிலில் யாருக்காவது காய்ச்சல் அடித்தால் அவரைக் கூப்பிட்டு நெற்றியில் கையை வைக்கச் சொன்னார்கள், அரை மணியில் சூடு இறங்கியது. இப்படியே தெருவுக்குப் பழகிவிட்டது.

அண்ணிக்கு மட்டும் பழகவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "நாப்பது வருசமா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் புஷ்பம் தூங்குனேன். இப்பம் பிடிச்சா உடம்பு நடுங்குது, துண்டைச் சுத்திப் பிடிச்சுக்கிடுதேன். எனக்குக் காசு வேண்டாம், பேரு வேண்டாம், அந்தக் கை சூடா இருந்தாப் போதும்." அவருக்காகத்தான் நாங்கள் எல்லாம் செய்து பார்த்தோம். செல்போனைப் பார்த்துச் சிரிக்க வைத்தோம், கல்யாண வீடியோக்காரரைக் கூட்டி வந்து சிரிக்க வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் படத்தில் செத்தாரோ அந்தப் படத்தின் கேமரா, அந்தச் செட், அந்த ரத்தச் சட்டை, அந்த டைரக்டரின் வாயால் 'சிரிங்க', எல்லாம் ஒன்றாகக் கூடினால்தான் உண்டு என்று பழைய மேக்கப்காரர்கள் சொன்னார்கள். அந்தச் செட்டைப் பிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. படம் வெளியாகி வெற்றி விழாக் கொண்டாடிவிட்டது.

வேலை வரவில்லை. சாகத் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார்கள், செத்தவரைக் கூப்பிட மாட்டார்கள், ராசி போய்விடுமாம். சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, காலமான உறுப்பினர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டோம், ஆழ்ந்த இரங்கல் என்று. அண்ணன் அதைப் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். நானும் எத்திராஜும் அப்போது அங்கேதான் இருந்தோம்.

"நாப்பது வருசம் அடுத்தவன் சாக்பீஸ்ல கோடு போட்ட இடத்துல விழுந்தேன்" என்றார். "இனிமே என்னைக் கொல்ல ஒருத்தனாலயும் முடியாது. இனி நான் சொல்லுத இடத்துல கேமரா நிக்கட்டும்."

"யாருண்ணே படம் எடுப்பாங்க?" என்றேன்.

"நான் எடுப்பேன். நீதான் கதாநாயகி."

எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயசு, முழங்கால் வலி வேறு. சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் எழுதிய கதை இதுதான்: கதாநாயகனுக்காக ஒருத்தன் குண்டடிபட்டுச் சாகிறான், வழக்கமாகப் படம் அதைத் தாண்டிப் போய்விடும், இது போகாது, இது செத்தவன் வீட்டுக்குப் போகும். அவன் பெண்டாட்டி அடுப்பில் உலை வைத்துவிட்டுக் காத்திருப்பாள், செய்தி வரும், அவள் பஸ் ஏறிக் கதாநாயகனைத் தேடி வருவாள், வந்து அவன் முகத்துக்கு நேரே நின்று பேசுவாள். அந்தக் கடைசிக் காட்சியில் எனக்கு முழுசாக இரண்டு பக்க வசனம். அதை நான் சமையல் செய்யும்போது சொன்னேன், குளிக்கும்போது சொன்னேன், வரிசையில் நிற்கும்போது வாய்க்குள் சொன்னேன், என்னைப் பைத்தியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள், பேசட்டும் என்று விட்டேன். வளசரவாக்கத்தில் தண்ணி கேன் போடுகிற தனசிங் தயாரிப்பாளர் ஆனார். கேன் ஏற்றுகிற வண்டியில் கேமராவை ஏற்றித் தள்ளினோம். சிரிப்பை எடுக்காமல் கேமராவைக் கழற்றிய எத்திராஜ், அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே வந்து ஒளிப்பதிவாளர் ஆனான்.

அண்ணன் மாதிரி ஒரு டைரக்டரை நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க மாட்டார், உட்கார மாட்டார், கண் இமைக்க மாட்டார். கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருத்தரிடமும் போய், "நீ எங்கருந்து வாறே, வீட்ல அடுப்புல என்ன கொதிக்கி?" என்று கேட்பார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் சும்மா நிற்காது, நிற்கிறவன் ஒவ்வொருத்தனும் ஒரு வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி நிற்பான். எட்டு மாதத்தில் எல்லாம் முடிந்து அந்தக் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது. கதாநாயகன் வேஷத்துக்கு ஒருத்தரும் வரவில்லை, நாயகரைப் பகைத்துக்கொள்ள எவனுக்குத் துணிச்சல்?

அப்போதுதான் நாயகரே வந்தார். காலை பதினோரு மணிக்கு வெள்ளைக் காரில் வந்து இறங்கி, அண்ணன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. நல்ல வாசனை, நல்ல சிரிப்பு, பொய் சொல்லக் கூடாது, மனுஷன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"அண்ணே, நான் கெட்டவன் இல்லண்ணே. எனக்கு மறுநாளே தெரிஞ்சிருந்தா உங்களை இப்படி விட்டிருப்பேனா? அதே செட்டைப் போடச் சொல்லிட்டேன். அதே கேமரா, அதே சட்டை, கிடங்குல பத்திரமா இருக்கு. டைரக்டர் வர்றார், நானும் அதே காஸ்ட்யூம்ல வந்து நிக்கிறேன். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், உங்க உயிர் உங்களுக்கு."

"அதுக்கு?" என்றார் அண்ணன்.

"அந்தப் படம் வேணாம்ண்ணே. பதிவான மெமரி கார்டை என்கிட்ட குடுத்துடுங்க. எனக்காக உயிரைக் குடுத்தவங்க வீட்டுப் பொம்பள என்னைக் கேள்வி கேக்குற மாதிரி ஜனங்க பாத்தா, நாளைக்கு எனக்காக எவன்ணே குறுக்க பாய்வான்?"

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் வேண்டாம் என்று கண்ணாலேயே கத்தினேன். பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "படம் இன்னொண்ணு எடுக்கலாம்" என்றார். "நான் ஒங்ககிட்ட இதுவரை ஒண்ணும் கேட்டதில்ல."

"சரி இசக்கி" என்றார் அண்ணன்.

எனக்கு அண்ணியின் மேல் வந்த ஆத்திரம் இருக்கிறதே, வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைத்தேன். என்னுடைய இரண்டு பக்கம் போயிற்று, முப்பத்தோரு வருஷத்தில் வந்த ஒரே வாய்ப்பு போயிற்று. அப்புறம் அந்தப் பிரியாணி நினைவுக்கு வந்தது. அவருக்குப் போன உயிரைத் திருப்பித் தராதே என்று சொல்ல நான் யார்? அழுதேன், முகத்தைக் கழுவினேன், குறிப்பிட்ட நாளில் நானும் பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். அந்த ஷாட்டில் மேலே விழுந்து அழுதவள் நான்தானே, நானும் அதே சேலையில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கார்டை ஒப்படைக்க எத்திராஜ் எங்கள் கேமராவோடு வந்தான். தெருவில் முக்கால்வாசிப் பேர் தனசிங்கின் தண்ணி வண்டியில் ஏறி வந்தார்கள்.

அண்ணியும் வந்தார். கேட்டால் நம்ப மாட்டீர்கள், நாற்பது வருஷத்தில் அவர் ஷூட்டிங் பார்த்ததே இல்லை. அண்ணன் கூட்டி வந்ததில்லை, கேட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று சொல்லிவிடுவாராம். படத்தில் பார்த்ததுதான் அண்ணிக்குத் தெரியும், படத்தில் அண்ணன் கதாநாயகன் மடியில் தலை வைத்துச் சாவார், அவன் கதறுவான், பின்னால் வயலின் வாசிப்பார்கள். ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு அண்ணியை உட்கார வைத்தேன்.

அண்ணன் அந்த ரத்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சாக்பீஸ் கோட்டுக்குள் படுத்தார். நாயகர் வர இன்னும் நேரம் இருந்தது, ஆனாலும் வெளிச்சம் சரிபார்க்க அவரை வெயிலில் படுக்கப்போட்டார்கள். ஒரு உதவி டைரக்டர் வந்து, "டெட்பாடி கொஞ்சம் லெஃப்ட்ல" என்று சொல்லி, குனியச் சோம்பல்பட்டு, செருப்புக் காலால் அவர் தோளைத் தள்ளிவிட்டான். ஒருத்தன் வயரை அவர் வயிற்றின் மேலாக இழுத்துக்கொண்டு போனான். ஒருத்தன் டீ குடித்த கிளாஸை அவர் தலைமாட்டில் வைத்தான். அதெல்லாம் எங்களுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை, தினமும் நடப்பது, நான் கவனிக்கக்கூட இல்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எப்பவும் இப்படித்தான் அண்ணி" என்றேன்.

"நூத்திச் சொச்சம் படத்துலயும்?"

அதற்குள் நாயகர் வந்தார், குடை வந்தது, விசிறி வந்தது, எல்லோரும் எழுந்து நின்றார்கள், அண்ணன் மட்டும் படுத்திருந்தார். நான் போய் அவர் நெஞ்சில் விழுந்தேன். கேமரா ஓடியது. அழுதேன், நாயகர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார், பிறகு டைரக்டர் மைக்கில், போன வருஷம் விட்டுப்போன அந்த வார்த்தையைச் சொன்னார்: "சிரிங்க!"

அண்ணன் கண்ணைத் திறந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் காதுக்கடியில் அவர் நெஞ்சு ஒரு தடவை துடித்தது. ஒரே ஒரு தடவை, 'டக்' என்று. உயிர் வாசலில் வந்து நின்றுகொண்டிருக்கிறது, அவர் பல்லைக் காட்டினால் உள்ளே வந்துவிடும்.

"சிரிங்கண்ணே!"

அண்ணி ஸ்டூலிலிருந்து எழுந்தார். இத்தனை பேர், இத்தனை விளக்கு, எதையும் பார்க்கவில்லை. வயரையெல்லாம் மிதித்துக்கொண்டு நேரே வந்து நின்றார். "வேண்டாம்" என்றார். "இந்தப் பயலுவ முன்னால பல்லைக் காட்டி வாங்குத உயிரு நமக்கு வேண்டாம். கை சில்லுன்னே இருக்கட்டும். எனக்குப் பழகிக்கிடும். எந்திரிங்க."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். லென்ஸை நேராகப் பார்த்தார், சிரிக்கவில்லை. "கட்" என்றார்.

எங்கள் ஆட்களை என்ன சொல்வது! அந்தக் குரலில் சொன்னால் போதும், யார் சொன்னது என்று பார்க்க மாட்டார்கள், கேமராக்காரன் நிறுத்திவிட்டான், விளக்குக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள், டைரக்டரே மைக்கைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஒரு துடிப்பு மறுபடி வரவில்லை. அண்ணன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "எத்திராஜ், நம்ம கேமராவை இந்தப் பக்கம் வை. லைட் நல்லா இருக்கு, செட் நல்லா இருக்கு, கதாநாயகனும் காஸ்ட்யூம்ல நிக்கிறார். புஷ்பம், நம்ம கடைசி சீன்."

சஜஷன் ஷாட் என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. இரண்டு பேர் பேசும்போது ஒருத்தர் முகம் தெரியும், எதிரில் இருப்பவரின் தோள் மட்டும் தெரியும். முப்பத்தோரு வருஷமாக நான் தோள் கொடுத்தவள். அண்ணன் எத்திராஜை நாயகருக்குப் பின்னால் நிறுத்தினார், என்னை முன்னால் நிறுத்தினார். நாயகருக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அவர் தோள் ஆகிவிட்டார். அண்ணன் என் காதருகே குனிந்தார், மூச்சுக் காற்றே படவில்லை. "ரெண்டு பக்கமும் வேண்டாம், எல்லாத்தையும் விட்டுரு. ஒரே ஒரு கேள்வி" என்று சொல்லி, அது என்ன என்றும் சொன்னார். மனப்பாடம் செய்த அத்தனையும் போயிற்றே என்று ஒரு நிமிஷம் வருத்தம்தான். பிறகு "ஆக்‌ஷன்" என்றார்.

நான் நாயகரின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை, கண்ணோரத்தில் சுருக்கம் இருந்தது. என் குரல் எனக்கே புதுசாகக் கேட்டது.

"உங்களுக்கு வந்த குண்டை எங்க வீட்டுக்காரர் வாங்கிக்கிட்டார். நீங்க நல்லா இருங்க. நான் அவர் பேரைச் சொல்றதில்லை, எங்க வழக்கம் அது, புருஷன் பேரைப் பொஞ்சாதி சொல்லக் கூடாது. நீங்க சொல்லலாம். அவர் பேரென்ன?"

நாயகர் வாயைத் திறந்தார். முப்பது படத்தில் அவருக்காகச் செத்தவர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறார். நாயகர் என்னைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், மேனேஜர் எங்கே என்று தேடினார். மேனேஜர் உதட்டை அசைத்துக் காட்டினார், அவருக்குப் பிடிபடவில்லை. "அண்ணேன்னுதான் கூப்பிடுவேன்..." என்றார் மெதுவாக. காதெல்லாம் சிவந்துவிட்டது. அண்ணன் ரொம்ப நேரம் கழித்துத்தான் 'கட்' சொன்னார்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியதுதான். தியேட்டர் தர மாட்டோம் என்றார்கள். செத்தவர் போட்ட கையெழுத்து செல்லாது என்றார்கள். அனுமதி இல்லாமல் தம்முடைய வலது தோளைப் படத்தில் பயன்படுத்தியதாக நாயகர் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. அந்தத் தோள் உங்களுடையதுதான் என்று நேரில் வந்து, சட்டையைக் கழற்றி அடையாளம் காட்டுங்கள் என்று எங்கள் வக்கீல் பதில் எழுதினார், அத்தோடு விட்டுவிட்டார்கள். கடைசியில் பல்லாவரம் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது. 'எழுத்து, இயக்கம்: பூவலிங்கம்' என்று தனசிங் தண்ணி கேன் ஒவ்வொன்றிலும் ஒட்டி வீடு வீடாகப் போட்டார், தண்ணீர் குடித்தவர்கள் எல்லாம் படிக்க வேண்டியதாயிற்று.

முதல் காட்சிக்கு அரைத் தியேட்டர்தான். அதிலும் பாதி எங்கள் சனம்: கூட்டத்தில் நின்றவர்கள், அடி வாங்கியவர்கள், குடை பிடித்தவர்கள், பிணமாகக் கிடந்தவர்கள். மீதிப் பேர் தண்ணி கேன் பார்த்து வந்தவர்கள். நாங்கள் நடு வரிசையில் உட்கார்ந்தோம், அண்ணன் நடுவில், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அண்ணி. படம் ஓடியது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள், ஒருத்தரும் எழுந்து வெளியே போகவில்லை. கடைசிக் காட்சி வந்தது. திரை முழுக்க என் முகம், ஓரத்தில் ஒரு தோள். நான் கேட்டேன்: அவர் பேரென்ன?

திரையில் சத்தமே இல்லை. அண்ணன் அந்த இடத்தில் வயலின் வைக்கவில்லை, ஒன்றுமே வைக்கவில்லை, நாயகர் முனகியதையும் எடுத்துவிட்டுச் சும்மா விட்டிருந்தார். தோள் அசைகிறது, பதில் வரவில்லை, வரவில்லை, வரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ, முன்பின் தெரியாத, தண்ணி கேன் பார்த்து வந்த ஒரு ஆள், பொறுக்க முடியாமல் கத்தினான்: "பூவலிங்கம்யா!" இன்னொருத்தர் கத்தினார். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், பால்கனியிலிருந்து இரண்டு குரல், பிறகு யார் யார் என்று பிரிக்க முடியாமல் மொத்தத் தியேட்டரும் அந்தப் பேரைச் சொன்னது. நானும் சொன்னேன். அண்ணன் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை வாயால் சொல்லாத இசக்கி அண்ணி, துண்டு கிண்டு எதுவும் சுற்றாமல் அவர் கையை இறுகப் பிடித்தபடி எழுந்து நின்றார். ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"என்னது?" என்றார். "காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க!"